மூச்சு வாங்குவது ஏன்?
(இரத்தம் காற்றைச் சுமந்து செல்லும் விதம்)



ஒரு சம்பா நடவுச் சமயம். வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் தாய்சேய் நல முகாம் நடத்திக்கொண்டிருந்தோம். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் கணவரோடு வந்தார். மூத்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

"வரப்புல நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதுங்க. குனிஞ்சு நட்டுட்டு நிமிந்தா கண்ணு இருட்டுது" என்றார் அந்த அம்மா.

கூட வந்த மாமியார், "வாயுக் கோளாறுதான். கஷாயம் வச்சுக் குடுத்திருக்கேன்" என்றார்.

கணவருக்கு வேறு சந்தேகம். "சார், எங்க ஊர்ல மில்லு கிடையாது, புகை கிடையாது. வயக்காட்டுக் காத்து. விரல்ல மாட்டுற மிஷின்லகூட 98 காட்டுச்சு. அப்புறம் ஏன் சார் இவளுக்கு மட்டும் மூச்சு வாங்குது?"

நல்ல கேள்வி. காற்றும் குறைவில்லை, நெஞ்சும் பழுதில்லை. ஆனாலும் மூச்சு வாங்குகிறது. இந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தச் சிறு வெளியீட்டின் நோக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

மூச்சுக்காற்று எங்கே போகிறது?

நாம் இழுக்கும் காற்று முழுவதும் பிராணவாயு அல்ல. நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ 21 பங்குதான் பிராணவாயு. ஆக்சிஜன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வெளியே விடும் மூச்சில் அது 16 பங்காகக் குறைந்துவிடுகிறது. உள்ளே போகும்போது இல்லை என்றே சொல்லத்தக்க அளவில் இருந்த கரியமில வாயு, வெளியே வரும்போது சுமார் 4 பங்கு இருக்கிறது. ஆக, ஒவ்வொரு மூச்சிலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரம் நடக்கிறது.

இந்த வியாபாரம் நடக்கும் சந்தை நுரையீரல். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட் நிலம்! அவ்வளவு இடமும் நம் நெஞ்சுக்கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு பையையும் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. பையின் சுவர் மிக மெல்லியது. அதன் வழியே பிராணவாயு இரத்தத்துக்குள் இறங்குகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

ஆறும் வாய்க்காலும்

கல்லணையிலிருந்து தண்ணீர் ஆறாகப் புறப்பட்டு, வாய்க்காலாகப் பிரிந்து, கன்னி வாய்க்காலாகச் சிறுத்து, மடை வழியாக வயலில் பாய்கிறது அல்லவா? நம் உடம்பிலும் அப்படித்தான். இருதயத்திலிருந்து பெரிய குழாயில் புறப்படும் இரத்தம் கிளை கிளையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாகி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பாய்கிறது. வயலுக்கு வடிகால் இருப்பதுபோல், பாய்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர வேறு குழாய்களும் இருக்கின்றன. அவை இருதயத்தில் சேர்கின்றன. இருதயம் அந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பி, சுத்தம் செய்து வாங்கி, மறுபடியும் உடம்புக்கு அனுப்புகிறது.

இரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் நூல் எழுதி நிலைநாட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. உடம்பில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று!

சுமக்கும் ஓடங்கள்

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

பிராணவாயு தண்ணீரில் எளிதில் கரையாது. நூறு மில்லி இரத்தத்தின் நீரில் அரை மில்லி பிராணவாயுகூடக் கரைவதில்லை. அதை வைத்து உயிர் வாழ முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் போதுமா? மூட்டையை ஏற்றிச் செல்ல ஓடம் வேண்டாமா?

அந்த ஓடங்கள்தான் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள். பெண்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவில், சுமார் 45 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஹீமோகுளோபின் என்ற சிவப்புச் சத்து கோடிக்கணக்கான துகள்களாக அடங்கியிருக்கிறது. இரத்தம் சிவப்பாக இருப்பது இதனால்தான். ஒவ்வொரு ஹீமோகுளோபின் துகளிலும் நான்கு இருக்கைகள். ஒவ்வொரு இருக்கையிலும் ஓர் இரும்பு அணு. அந்த இரும்பின் மேல்தான் பிராணவாயு ஏறி உட்காருகிறது. இரும்பு இல்லையேல் இருக்கை இல்லை. இருக்கை இல்லையேல் பிராணவாயுவுக்குப் பயணமும் இல்லை.

ஏறிய பிராணவாயு எங்கே இறங்க வேண்டும் என்பது எப்படித் தெரியும்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. குனிந்து நாற்று நடும்போது இடுப்பும் தொடையும் கடுமையாக உழைக்கின்றன. உழைக்கும் தசையில் பிராணவாயு தீர்ந்து, கரியமில வாயு மிகுந்து, சூடும் ஏறியிருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்திப் பிராணவாயுவை இறக்கிவிடுகிறது. எங்கே உழைப்பு அதிகமோ அங்கே அதிகம் இறங்கும். நுரையீரலுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

கரியமில வாயு திரும்பும் வழி

அடுப்பில் விறகு எரிந்தால் புகை வருகிறது. உடம்பில் சாப்பாடும் பிராணவாயுவும் சேர்ந்து எரிந்து சக்தி உண்டாகும்போது கரியமில வாயு வருகிறது. அதை வெளியேற்றியாக வேண்டும்.

கோலி சோடாவைத் திறந்தால் பொங்கி வருகிறதே, அது கரியமில வாயுதான். தண்ணீரோடு சேர்ந்து போவது அதற்குச் சுலபம். உடம்பிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு கரியமில வாயு, சிவப்பணுவுக்குள் போய் ஒரு மாற்றம் பெற்று, ஆப்பசோடாவில் உள்ள அதே வகை உப்பாக இரத்த நீரில் கலந்து போகிறது. 20 பங்குக்குச் சற்று மேல் ஹீமோகுளோபினில் தொற்றிக்கொண்டு போகிறது. மீதி அப்படியே கரைந்து போகிறது. நுரையீரலை அடைந்ததும் எல்லாம் மறுபடி வாயுவாகி மூச்சோடு வெளியேறுகிறது.

கரியமில வாயு ஓரளவு நீந்தியே போய்விடும். பிராணவாயுவோ ஓடம் இல்லாமல் போகவே போகாது. ஓடங்கள் குறைந்தால் முதலில் தவிப்பது பிராணவாயு வேண்டிய இடங்கள்தான்.

தம்பியின் கேள்விக்குப் பதில்

அந்த அம்மாவுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் ஏழரை கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிகளுக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரத்தச் சோகை. கர்ப்பிணிக்கு 7-க்கும் கீழே போனால் கடுஞ்சோகை, அது ஆபத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி பிராணவாயுவைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் நூறு மில்லி இரத்தம் 16 மில்லி பிராணவாயுவைச் சுமக்கும். ஏழரை கிராம் இருந்தால் 10 மில்லிதான். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஒருவருக்கு 800 மில்லி போய்ச் சேர்கிறது; இன்னொருவருக்கு 500 மில்லிதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி போதும். அதனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் சோகை தெரியாது. நடவு, களையெடுப்பு, தண்ணீர்க் குடம் என்று இறங்கும்போது தேவை பல மடங்கு ஏறுகிறது. ஓடங்கள் குறைவு என்பதால் இருதயம் இருக்கிற ஓடங்களையே வேகவேகமாக ஓட்டுகிறது. அதுதான் படபடப்பு. பிராணவாயு போதவில்லை என்று உடம்பு தவிக்கிறது. அதுதான் மூச்சு வாங்குவது. மூளைக்குப் போதாமல் கண் இருட்டுகிறது.

"அப்படின்னா அந்த மிஷின் ஏன் சார் 98 காட்டுது?" என்று தம்பி விடவில்லை.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்த கருவி அது. எத்தனை ஓடங்கள் இருக்கின்றன என்று அது எண்ணுவதில்லை. இருக்கிற ஓடங்களில் நூற்றுக்கு எத்தனை நிறைந்திருக்கின்றன என்றுதான் சொல்லும். பத்து ஓடமும் நிறைந்திருந்தால் நூற்றுக்கு நூறு. ஐந்தே ஓடம் இருந்து ஐந்தும் நிறைந்திருந்தாலும் நூற்றுக்கு நூறுதான். ஓடம் எத்தனை என்று அறிய ஹீமோகுளோபின் பரிசோதனைதான் வழி. துணை சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.

இது அந்த அம்மா ஒருவருக்கு மட்டும் வந்த குறை அல்ல. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. பாதிக்கு மேல்!

ஓடங்கள் ஏன் குறைகின்றன?

ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். நம்முடைய குறுவைப் பயிரின் வயதை ஒட்டித்தான் வருகிறது. எலும்பு மச்சையில் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் பிறக்கின்றன. பழையவை அழியும்போது அவற்றின் இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை. சேர்த்து வைத்துப் புதியவற்றுக்குப் போடுகிறது, அடுத்த பட்டத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பதுபோல. ஆனால் உடம்பை விட்டு இரத்தம் வெளியே போனால் இரும்பும் போய்விடும். அது நடக்கும் வழிகள்:

மாதவிலக்கு: மாதந்தோறும் கொஞ்சம் இரும்பு போகிறது. அதிகப் போக்கு இருந்தால் அதிகம் போகும்.

பிள்ளைப்பேறு: ஒரு பெண்ணின் உடம்பில் உள்ள இரும்பு மொத்தமே சுமார் இரண்டரை கிராம்தான். ஒரு கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிராம் தேவைப்படுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும். அடுத்தடுத்துப் பிள்ளை என்றால் பத்தாயத்தில் விதைநெல்லும் மிஞ்சாது.

கொக்கிப்புழு: வெறுங்காலோடு சேற்றிலும் ஈர மண்ணிலும் நடக்கும்போது பாதத்தின் தோல் வழியே உள்ளே நுழையும். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் நாளுக்குச் சில மில்லி இரத்தம் போகும். திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடத்தில்தான் இது பெருகும்.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு யார் மூச்சு விடுகிறார்கள்?

தாய்தான். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நஞ்சில் இரண்டும் அருகருகே ஓடுகின்றன. அங்கே தாயின் இரத்தம் பிராணவாயுவைக் கொடுத்து, பிள்ளையின் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. தாயின் மூச்சோடு அது வெளியே போகிறது. பிள்ளையின் ஹீமோகுளோபின் பிராணவாயுவை இறுகப் பிடித்து இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆனால் தலைமடையிலேயே தண்ணீர் குறைந்தால் கடைமடை என்ன செய்யும்? தாய்க்குக் கடுஞ்சோகை என்றால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். மாதம் நிறையும் முன்பே பிறக்கலாம். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல இரத்தம் உள்ளவர் தாங்கக்கூடிய இழப்பைச் சோகையுள்ளவர் தாங்க மாட்டார்.

மாத்திரையின் கதை

சுகாதாரச் செவிலியர் கொடுக்கும் சிவப்பு மாத்திரைக்கு நம் தமிழ்நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒரு வகைக் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். பிறகு குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். அதுதான் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தத் தாய்மார்கள் தேறியதைக் கண்டு 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்தை 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்ததுதான் இன்றைய மாத்திரை. 1970 முதல் நம் அரசு இதைத் தாய்மார்களுக்குக் கொடுத்து வருகிறது.

எப்படிச் சாப்பிடுவது?

கர்ப்பத்தின் நான்காவது மாதம் தொடங்கி நாள்தோறும் ஒன்று, குறைந்தது 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். சோகை இருந்தால் எத்தனை மாத்திரை, ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். குடல் புழு மாத்திரையை முதல் மூன்று மாதம் கழித்து, செவிலியர் கொடுக்கும்போது சாப்பிடலாம்.

குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். "மாத்திரை தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்பது வெறும் பேச்சு. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது.

காப்பி, டீயோடு மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அவை இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்க்காமல் வேறு வேளையில் சாப்பிடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும்.

முருங்கைக்கீரை, முளைக்கீரை, கேழ்வரகு, எள், உளுந்து, கொள்ளு, பச்சைப் பயறு எல்லாம் நல்லவை. கவிச்சி சாப்பிடுவோர் ஈரல், மீன், கருவாடு, வயல் நண்டு, நத்தை சேர்க்கலாம். அவற்றின் இரும்பு சீக்கிரம் உடம்பில் ஒட்டும். ரேஷன் அரிசியில் சத்து அரிசி கலந்திருந்தால் அதைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் செய்த அரிசி அது.

கணவன்மார்களுக்கு

தம்பி, டிராக்டருக்கு ஆயில் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கிறீர்கள். இரவில், "மாத்திரை சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை மனைவி சாப்பிடும் வழக்கத்தை மாற்றுங்கள். கூடவே உட்காரச் சொல்லுங்கள். மீன் துண்டு முதலில் அவர் இலையில் விழட்டும். வயலுக்குப் போகையில் இருவரும் செருப்புப் போடுங்கள். கழிவறையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று ஆண்டாவது இடைவெளி வேண்டும். தரிசு விட்ட நிலம் தேறுவதுபோல் தாயின் உடம்பும் தேறும். ஆணுறை, மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள் காப்பர்-டி போடுவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்ததும் ஒரு நிமிடமாவது கழித்துத்தான் தொப்புள்கொடியைக் கட்ட வேண்டும். நஞ்சிலிருக்கும் இரத்தம் பிள்ளைக்குப் போய், முதல் சில மாதத்துக்கான இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். மருத்துவமனைப் பிரசவத்தில் இதைச் செய்கிறார்கள்.

உடனே காட்ட வேண்டிய அடையாளங்கள்

கீழ் இமை, நாக்கு, நகம் வெளுத்திருப்பது; சிறு வேலைக்கே மூச்சு வாங்குவது; படபடப்பு; கால் வீக்கம்; மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதே மூச்சு திணறினால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டார். தம்பி சுவரில் நாள்காட்டியை மாட்டி, மாத்திரை சாப்பிட்ட நாளில் எல்லாம் கோடு போட்டார். கஷாயம் வைத்த மாமியாரே முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தார். பிரசவத்துக்குப் போகும்போது 11 கிராம். தை அறுவடை முடிந்து களம் காலியான சமயம், பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன்.

"இப்ப மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இவளத் தூக்கிக்கிட்டு ஆத்துக் கரை ஏறி இறங்குறேன் சார்" என்று சிரித்தார்.

காற்று எல்லாருக்கும் பொது. அதைச் சுமக்கும் இரத்தம் நம் வீட்டுச் சாப்பாட்டிலும், ஒரு மாத்திரையிலும், இரண்டு பேரின் அக்கறையிலும்தான் ஊறுகிறது. உங்கள் வீட்டில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம்? தெரியாது என்றால், அடுத்த முகாம் நாளில் இருவரும் சேர்ந்து வாருங்கள்.